முதற்பக்கத்தோடு மூடிவைக்கப்பட்ட புத்தகம்: 'ரோஜாவின் பெயர்' பற்றிய நம்மவர் அபிப்பிராயங்களுக்கு ஓர் எதிர்வினை

உம்பர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவல் பற்றி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அண்மையில் ஒரு கலந்துரையாடல் நடந்தது. அஸருக்குப் பின்னர் தொடங்கி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினோம். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். நாவலை முழுதாக வாசித்திருந்தவர்கள் ஐந்து பேர். பேசியவர்கள் பதினொரு பேர். இந்தக் கணக்கில் ஏதோ பிழையிருப்பதாக யாராவது நினைத்தால், அவர் நமது இலக்கியக் கூட்டங்களுக்கு அதிகம் போனதில்லை என்றே கொள்ள வேண்டும்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் சூடாகப் பேசிவிட்டுப் பின்னர் பள்ளிவாசல் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது எனக்கு ஒத்துவராத காரியம். எனவே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் சுட்டப்போவதில்லை. சொன்னவர்களுக்குத் தெரியும், அது போதும்.

முன்வைக்கப்பட்ட அபிப்பிராயங்களைத் தொகுத்தால் நான்கு தேறும். இது வெறும் துப்பறியும் கதை, காத்திரமான இலக்கியமல்ல என்பது முதலாவது. முதல் நூறு பக்கங்களையும் லத்தீன் வரிகளையும் வெட்டியெறிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. கிறிஸ்தவத் துறவிகளின் உள்வீட்டுச் சண்டையில் முஸ்லிம் வாசகனுக்கு என்ன வேலை என்பது மூன்றாவது. ஐரோப்பா இப்படி இருண்டு கிடந்த காலத்தில் நாம் அறிவின் உச்சியில் இருந்தோம், அதை நிரூபிக்க இந்நாவலே போதும் என்பது நான்காவது. நான்காவதற்குத்தான் கைதட்டல் கிடைத்தது. எனக்கு ஆகக்கூடிய கோபத்தை ஊட்டியதும் அதுதான்.

ஐந்தாவதாக ஒரு கேள்வியும் எழுந்தது. பின்வரிசையில் இருந்த சகோதரியொருவர் அதைக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்காகச் சில வரிகள். 1980இல் இத்தாலிய மொழியில் வெளிவந்து, மறு ஆண்டு அந்நாட்டின் ஸ்த்ரேகா பரிசைப் பெற்றது இந்நாவல். வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1983இல் வந்தது. எங்கள் வட்டத்தில் வாசித்தவர்கள் அதைத்தான் வாசித்திருந்தார்கள். கதை நிகழ்வது 1327 நவம்பர் இறுதியில், வட இத்தாலிய மலையொன்றில் அமைந்த பெனடிக்ட் சபை மடாலயத்தில், ஏழே நாட்களில். இயேசுவும் சீடர்களும் சொத்துரிமை கொண்டிருந்தார்களா இல்லையா என்று பாப்பரசருக்கும் பிரான்சிஸ்கன் சபையினருக்கும் இடையே மூண்ட தகராறைப் பேசித் தீர்க்க இரு தரப்பினரும் அங்கு கூடவிருக்கிறார்கள். அதன் நிமித்தம் வருகிறார் பாஸ்கர்வில் வில்லியம் என்ற ஆங்கிலேயத் துறவி. கூடவே அட்ஸோ என்ற இளம் சீடன். மடாலயத்தில் துறவிகள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். சிலரது விரல்களும் நாவும் கறுத்துக் கிடக்கின்றன. எல்லாச் சாவுகளும் அங்குள்ள நூலகத்தையே சுற்றுகின்றன. அதற்குள் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது அரிஸ்டோட்டிலின் கவிதையியலின் இரண்டாம் பாகம், நகைச்சுவை பற்றியது, இன்று உலகில் எவரிடமும் இல்லாதது. அதை யாரும் வாசித்துவிடலாகாது என்று ஹோர்ஹே என்ற பார்வையிழந்த முதிய துறவி தாள்களில் நஞ்சு தடவிவைத்திருக்கிறார். விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் புரட்டுபவன் தன் சாவைத் தானே உண்கிறான்.

கொலைகாரன் பெயரைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் குறைபட வேண்டாம். முதலாவது அபிப்பிராயத்துக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. கொலைகாரன் யாரென்று தெரிந்ததும் செத்துப்போகிற கதையாக இது இருந்திருந்தால், ஆசிரியர் ஐயா சொன்னதுபோல் துப்பறியும் கதை என்று ஒதுக்கிவிடலாம். நான் இதை மூன்று தடவை வாசித்திருக்கிறேன். கொலைகாரனைத் தெரிந்துகொண்டு வாசித்த இரண்டாம் தடவைதான் கதை எனக்குப் பிடிபட்டது. வில்லியம் மகா புத்திசாலி. ஆனால் அவர் கொலைகளை வேதாகமத்தின் வெளிப்படுத்தல் ஆகமத்தில் வரும் ஏழு எக்காளங்களோடு பொருத்திப் பார்த்துக்கொண்டே போகிறார். இறுதியில் தெரியவருவது என்ன? அப்படியொரு திட்டம் இருக்கவேயில்லை. பிழையான தடத்தில் நடந்து, தற்செயலாகச் சரியான கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார். அதற்குள் நூலகம் பற்றியெரிகிறது. ஒருவரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை, ஒரு புத்தகத்தையும் காப்பாற்ற முடியவில்லை. துப்பறிபவன் தோற்றுப்போவதைச் சொல்லும் நாவலைத் துப்பறியும் கதைகளோடு ஒரே இறாக்கையில் வைப்பவர், கடைசி அத்தியாயம்வரை வரவில்லை என்று நான் சந்தேகிக்க உரிமையுண்டு.

அத்தோடு, மர்மமும் கடத்தலும் வந்தால் இலக்கியத் தகுதி போய்விடும் என்று சொல்வதற்கு நமக்கு வாய் இருக்கிறதா? கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். தமிழில் வந்த முதல் நாவல்களுள் ஒன்று அது. மிஸ்ர் தேசத்துக் குழந்தையொன்று கடத்தப்படுவதும், ஊர் ஊராய்த் தொடரும் சாகசங்களும் சூழ்ச்சிகளும்தானே அந்தக் கதை. நமது நாவல் மரபின் முதற்படியே அங்குதான் இருக்கிறது. மேடையில் சித்திலெப்பையைக் கொண்டாடுகிறோம். எக்கோ வந்தால் மாத்திரம் மூக்கைச் சுளிக்கிறோம்.

இரண்டாவது அபிப்பிராயம் நமது கவிஞர் ஒருவருடையது. முதல் நூறு பக்கங்களை வெட்டச் சொன்னது அவர் மட்டுமல்ல. எக்கோவின் நண்பர்களும் பதிப்பகத்தாருமே கையெழுத்துப் பிரதியை வாசித்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 1983இல் நாவலுக்கு எழுதிய பின்குறிப்பில் எக்கோ அதை நினைவுகூர்கிறார். அவர் மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் நுழைந்து ஏழு நாட்கள் தங்க விரும்புபவன் அதன் நடைக்குத் தன் மூச்சைப் பழக்கிக்கொள்ள வேண்டும், முடியாதவன் மலையடிவாரத்திலேயே இருந்துகொள்ளட்டும் என்பது அவர் நிலைப்பாடு. சற்றே திமிரான பதில்தான். மடாலயக் கோயிலின் வாசற் சிற்பங்களைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் இடத்தில் முதல் வாசிப்பில் நானும் தாள்களைத் தாவியவன்தான். அதை மறைக்கவில்லை. சலிப்பூட்டும் பகுதிகள் உண்டு. சலிப்பைச் சொல்ல வாசகனுக்கு உரிமையும் உண்டு.

ஆனால் லத்தீன் வரிகள் புரியவில்லை, அடிக்குறிப்பில்லை என்று கவிஞர் முறையிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமது கதைகளில் வரும் மையத்து, கத்தம், சந்தூக்கு, வாப்பா, ராத்தா என்ற சொற்களுக்கு அருஞ்சொல் அகராதி போடும்படி வெளியார் கேட்டபோதெல்லாம், எங்கள் மொழி எங்களுடையது, வேண்டுமானால் வந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று முழங்கியவர்கள் நாம். முழங்கியவர்களுள் இந்தக் கவிஞரும் ஒருவர். அந்த நியாயம் லத்தீனுக்கு மட்டும் இல்லையா? அரபுச் சொற்கள் விரவிய சீறாப்புராணத்தை அர்த்தம் முழுதும் தெரியாமலே ஓசையால் உள்வாங்கி வளர்ந்த சமூகம், விளங்காத ஒரு வரியின் முன்னால் பொறுமையோடு நிற்க முடியாது என்று சொல்வதை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவதுக்கு வருவோம். இதில் நமக்கென்ன என்று கேட்டவர் படித்த இளம் மௌலவி. நல்ல மனிதர். கூட்டத்துக்கு வந்த ஐந்து வாசகர்களுள் அவரும் ஒருவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. அவருக்கு நான் சொல்வது இதுதான்: ஹஸ்ரத், அந்த மடாலயத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் நம்முடைய ஆட்களின் நிழல் விழுந்து கிடக்கிறதே, கவனிக்கவில்லையா?

கொலைக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சு தடவிய தாள், எச்சில் தொட்ட விரல். ஆயிரத்தோர் இரவுகளில் யூனான் மன்னனுக்கும் ஹகீம் தூபானுக்கும் நடந்தது என்ன? தன்னைக் குணப்படுத்திய வைத்தியனுக்கே மன்னன் மரண தண்டனை விதிக்கிறான். வைத்தியன் ஒரு கிதாபைக் கொடுத்துவிட்டுச் சாகிறான். ஒட்டிக் கிடக்கும் தாள்களை மன்னன் எச்சில் தொட்டுப் பிரிக்கிறான். மடிகிறான். நம் மூத்தம்மாமார் சொன்ன கதை இது. எக்கோ எங்கிருந்து எடுத்தார் என்று நான் வழக்காட வரவில்லை. ஆனால் அந்த நஞ்சை அடையாளம் காண வேண்டிய முதல் வாசகன் நம்மில் ஒருவனாக இருந்திருக்க வேண்டும்.

வில்லியம் மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியைப் பார்த்து மடாலயமே வியக்கிறது. அவர் ரோஜர் பேக்கனின் வழிவந்தவர். பேக்கனுடைய ஒளியியல் இப்னுல் ஹைதமின் நூலைப் பாலருந்தி வளர்ந்தது. அட்ஸோ ஓர் ஏழைப் பெண்ணின்மேல் மையல் கொண்டு தவிக்கையில், தன் நோய் என்னவென்று அறிய நள்ளிரவில் நூலகத்துக்குள் தேடுகிறான். அவன் கையில் அகப்படுபவர்கள் யார்? இப்னு ஹஸ்ம், இப்னு ஸீனா, அர்ராஸி. கிறிஸ்தவத் துறவிப் பையனுக்குக் காதல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுப்பவர்கள் குர்துபாவிலும் புகாராவிலும் ரையிலும் பிறந்த நம்மவர்கள். அந்தச் சாவுப் புத்தகம் எழுதப்பட்டிருப்பதும் தோலில் அல்ல, துணியிலிருந்து செய்த கடதாசியில். ஐரோப்பா கடதாசி செய்யப் பழகியது யாரிடம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் புத்தகத்துக்காக இத்தனை பேர் சாகிறார்களோ அந்தக் கவிதையியல் லத்தீன் உலகுக்கு வந்த வழியே நம் வீட்டு முற்றத்தால்தான். 940இல் மறைந்த மத்தா இப்னு யூனுஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதைச் சிரியாக் மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்தார். நாடகமேடையை அறியாத சமூகத்துக்கு அதை விளக்கவேண்டி, துன்பியலைப் புகழ்ப்பாட்டு என்றும் இன்பியலை வசைப்பாட்டு என்றும் ஆக்கினார். இப்னு ருஷ்து அந்த வழியிலேயே உரை வரைந்தார். அவ்வுரையை 1256இல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் தொலேதோவில் லத்தீனாக்கினார். அரிஸ்டோட்டில் கவிதை பற்றிச் சொன்னதை அக்காலத்து ஐரோப்பியர் பெரும்பாலும் அறிந்தது அந்த உரை வாயிலாகத்தான். நாடகம் இன்னதென்று விளங்காமல் இப்னு ருஷ்து தடுமாறுவதைப் போர்ஹேஸ் 1947இல் ஒரு சிறுகதையாக எழுதினார். அதே போர்ஹேஸை, பார்வையிழந்த பின்னரும் ஆர்ஜன்டீனத் தேசிய நூலகத்தின் பணிப்பாளராக இருந்த அந்த மனிதரை நினைத்துத்தான் எக்கோ தன் ஹோர்ஹேக்குப் பெயரிட்டார். இத்தனையும் கிறிஸ்தவரின் உள்வீட்டு விவகாரமா? இந்த வீட்டின் பாதிச் சுவரை எழுப்பியவர்கள் நம் கொத்தனார்கள்.

உண்மையில் கோபிக்க வேண்டுமானால் கோபிக்க வேறு காரணம் இருக்கிறது. நாவல் முழுக்க முஸ்லிம்கள் புத்தகங்களாக மட்டுமே இருக்கிறார்கள். உயிருள்ள ஒரு முஸ்லிம் அம்மலையில் ஏறி வரவேயில்லை. மடாலய நூலகம் உலகப்பட வடிவில் அறைகளாக அமைந்தது. அதில் சிங்கங்கள் வாழும் தென்திசை என்று பெயரிட்ட பகுதியில்தான் திருக்குர்ஆன் பிரதியொன்று வைக்கப்பட்டிருக்கிறது, பொய்களும் விசித்திர மிருகங்களும் பற்றிய நூல்களோடு. இப்படி அடுக்கியவர்கள் மடாலயத்தார். அது நம்முடையதினின்றும் வேறான ஒரு ஞானம் என்று வில்லியம் அட்ஸோவைத் திருத்துகிறார். எழுத்தாளன் யார் பக்கம் நிற்கிறான் என்பது அந்த இடத்திலேயே தெளிவு. ஆயினும், அறிவைத் தந்தவர்கள் அலுமாரியில் மட்டும் இருந்தார்கள், ஆட்களாக வரவில்லை என்பதை நாம் சுட்டிக்காட்டியிருக்கலாம். அது ஒரு விமர்சனம். நமக்கென்ன என்று எழும்பிப்போவது விமர்சனமல்ல.

இனி, கைதட்டல் வாங்கிய நான்காவது அபிப்பிராயம். அவர்களிடம் ஹோர்ஹே இருந்தான், நம்மிடம் பைத்துல் ஹிக்மா இருந்தது என்ற வீறாப்பு. நான் மேலே எழுதிய மூன்று பந்திகளையும் வெட்டியெடுத்து அந்த நண்பர் அடுத்த மேடையில் பேசக்கூடும். ஆகவே மிகுதியையும் சொல்லிவிடுகிறேன்.

அட்ஸோவுக்குக் காதலை விளக்கிய இப்னு ஹஸ்மின் நூல்களை எரித்தது எந்தப் பாதிரியும் அல்ல. இஷ்பீலிய்யாவின் முஸ்லிம் மன்னன் அல்முஃதளித். குர்துபாவில் இரண்டாம் ஹகம் சேர்த்துவைத்த பெரும் நூலகத்திலிருந்து மெய்யியல், வானியல் நூல்களைப் பொறுக்கியெடுத்து அழிக்கக் கொடுத்தவர் ஹாஜிப் அல்மன்ஸூர். அதுவும் உலமாக்களைத் திருப்திப்படுத்த. 1109இல் குர்துபாவிலேயே பகிரங்கமாகத் தீயிடப்பட்டது எந்த நூல் தெரியுமா? இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா. இன்று நமது மத்ரஸாக்களில் முத்தமிட்டுத் திறக்கும் அதே இஹ்யா. 1195இல் இப்னு ருஷ்து குர்துபாவிலிருந்து லூஸீனாவுக்கு நாடுகடத்தப்பட்டார், அவரது மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் மன்னிக்கப்பட்டு, 1198இல் மராகிஷில் மௌத்தானார். 1500ஐ அண்டிய ஆண்டுகளில் கிரனாடாவில் அரபு நூல்களைக் குவித்து எரித்த கர்தினால் சிஸ்நேரோஸைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே தீமூட்டிப் பழகியவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் அது மீலாத் மேடைப் பேச்சு.

ஹோர்ஹே ஒரு மதத்தின் ஆள் அல்ல. அவர் அறிவிலியுமல்ல. அந்த நூலகத்தை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அரிஸ்டோட்டிலின் நூல் எவ்வளவு வலிமையானதென்று மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். சிரிப்பு மனிதனை அச்சத்திலிருந்து விடுவித்துவிடும், அச்சம் போனால் தீன் போய்விடும் என்பது அவர் கணிப்பு. சந்தையில் குடியானவன் சிரிப்பதை அவர் பொறுத்துக்கொள்வார். அதற்கு ஓர் அறிஞன் நியாயம் கற்பிப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. இந்தக் குரலை நீங்கள் கேட்டதேயில்லையா? ஒன்பதாம் நூற்றாண்டில் அல்ஜாஹிழ் உலோபிகளைப் பற்றிய தன் நூலைத் தொடங்கும்போதே, சிரிப்பும் அழுகையும் இறைவன் தந்தவை என்ற சூரா அந்நஜ்மின் கருத்தை எடுத்துவைத்துச் சிரிப்புக்காக வாதாடியிருக்கிறார். வாதாட வேண்டியிருந்தது என்றால் எதிர்த்தரப்பும் இருந்தது என்றுதானே பொருள். ஜுஹாவின் கதைகளைச் சொல்லி வளர்ந்த நம்மில், இன்று ஒரு நையாண்டிக் கதை எழுதியவன் அதை அச்சுக்குக் கொடுக்குமுன் எத்தனை பேரிடம் காட்டிக் கேட்கிறான் என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். சம்மாந்துறையிலோ மாவனல்லையிலோ பேருவளையிலோ, ஆளுக்கொரு ஹோர்ஹே நமது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பல சமயங்களில் அவர் நமக்குள்ளேயே இருக்கிறார்.

இப்போது பின்வரிசைச் சகோதரியின் கேள்வி. அட்ஸோ நேசித்த அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று அவர் கேட்டார். உணவுக்காக இரவில் மடாலயத்துக்குள் களவாக அழைத்துவரப்படும் குடியானவப் பெண் அவள். சூனியக்காரி என்று பிடிபடுகிறாள். விசாரணையாளர் பெர்னார்ட் கி அவளைக் கொண்டுபோகிறார். எரியப்போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவள் பேசும் பாஷை அட்ஸோவுக்கு விளங்காது. அவளுடைய பெயரை அவன் கடைசிவரை அறிவதில்லை. சகோதரி கேட்டதும் ஒருவர், அவளைத்தான் ஊராட்கள் காப்பாற்றி விடுகிறார்களே என்றார். அது 1986இல் வந்த திரைப்படத்தில், ஷான் கொனரி நடித்ததில். நாவலில் அவளை யாரும் காப்பாற்றவில்லை. நூல்களுக்காக அத்தனை வாதாடும் வில்லியம்கூட அவளுக்காக ஒரு சொல் பேசவில்லை. பின்னர் பாங்கு கேட்டது. கூட்டம் கலைந்தது. பெண்ணின் கேள்வி அந்தரத்தில் நின்றது. நாங்கள் பதினான்கு பேரும் அன்று மடாலயத்தின் துறவிகளைப்போலத்தான் நடந்துகொண்டோம். அன்றைய கூட்டத்தின் மிகச் சிறந்த விமர்சனம் அந்த ஒற்றைக் கேள்விதான் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாவலில் எனக்கு மறக்கவே முடியாத இடம் கொலைகளில் இல்லை, தீயிலும் இல்லை. ஐந்தாம் நாள் மருத்துவத் துறவி ஸெவரினஸ் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய அறையில் வில்லியமும் அட்ஸோவும் அந்தக் கிரேக்கப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். ஒரு நூலை அட்ஸோ எடுத்துக் காட்டுகிறான். அது அரபு, கிரேக்கமல்ல என்று வில்லியம் அவனைக் கடிந்து கீழே வைக்கச் செய்கிறார். உங்களுக்கும் அரபு தெரியாதே என்கிறான் பையன். தெரியாவிட்டாலும் அது அரபு என்பதாவது தெரியும் என்பது அவர் பதில். தேடிய புத்தகம் அதுதான். பல பிரதிகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டிய நூல். முன்னால் இருந்தது ஒரு பேதையின் வாய்மொழிகள் பற்றிய அரபுச் சுவடி. அதன் பின்னால் இருந்தது அரிஸ்டோட்டில். முதற்பக்கத்தின் எழுத்தைப் பார்த்து மூடிவைத்தார் வில்லியம். அதனால் இன்னும் சாவுகள் விழுந்தன.

இதை நான் முதலில் வாசித்தது தொண்ணூறுகளின் இறுதியில். ரசித்துவிட்டுக் கடந்துபோனேன். இரண்டாம் தடவை வாசித்தது 2019இன் கடைசியில். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் முற்றத்தில் இருந்தேன்.

2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் வந்த வாரங்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். தேடுதல் நடக்கிறது, அரபு எழுத்து எதைக் கண்டாலும் கேள்வி வருகிறது என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. எங்கள் வீட்டில் மூத்தவாப்பாவின் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே பழைய கிதாபுகள், பதினாறோ பதினேழோ. அரபுத்தமிழில் எழுதியவை. எழுத்து அரபு, உள்ளே இருப்பது தமிழ். எனக்கு அதைச் சரளமாக வாசிக்க வராது. படிக்க வேண்டும், படிக்க வேண்டும் என்று முப்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மே மாதத்தின் ஓர் இரவு, கிணற்றடிக்குப் பின்னால், தென்னோலையை அடியில் வைத்து அவற்றை நானே எரித்தேன். யாரும் என்னை எரிக்கச் சொல்லவில்லை. எந்தப் படையினரும் அன்றிரவு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை.

பெட்டியின் அடியில் உம்மா ஒன்றை மட்டும் எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. வயதான பெரியம்மா ஒருவர் அதை வாசித்துக்காட்டினார். முதலில் துஆக்கள். பிறகு பிள்ளைகளின் இருமலுக்கு மருந்து. பிறகு யாருக்கோ கொடுத்த தேங்காய்க் கடன் கணக்கு. கடைசி நான்கு பக்கங்கள் முழுக்க நொடிகள், விடுகதைகள். பெரியம்மா சிரித்துச் சிரித்து வாசித்தார். ஒரு கட்டில் நான்கு புத்தகங்கள். மற்றவற்றில் என்ன இருந்ததென்று இனி யாருக்கும் தெரியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி மேடைகளில் கண்ணீர் விட்டவன் நான். எரித்தவர்களைச் சபித்து எழுதியவன். வில்லியம் அரபு எழுத்தைக் கண்டு ஒதுக்கினார். நான் அரபு எழுத்தைக் கண்டு எரித்தேன். அவருக்காவது அது தன் சொந்தத் தாய்மொழி இல்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாமல் ஒரு நூலின்மேல் தீர்ப்புச் சொல்வது எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை வைத்து, தீவிரவாதத்தைப் பரப்பினார் என்று கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். வன்முறைக்கு எதிரான கவிதைகளைக் கொண்டிருந்த தொகுப்பு அது. 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தத் தொகுப்பை ஒழுங்காக ஒருவர் வாசித்திருந்தால் அந்த நாட்கள் அவரிடமிருந்து பறிபோயிருக்காது. ஒழுங்காக வாசிக்கும்படி அதிகாரத்திடம் கோரும் நாம், முதலில் நம் கூட்டங்களில் ஒழுங்காக வாசிக்க வேண்டாமா? சிலுவையைக் கண்டதும் இது அவர்களுடையது என்று மூடுகிறோம். கொலையைக் கண்டதும் துப்பறியும் கதை என்று மூடுகிறோம். லத்தீனைக் கண்டதும் வெட்டு என்கிறோம். அரபுப் பெயரைக் கண்டதும் பெருமையில் மார்தட்டி, அத்தோடு மூடிவிடுகிறோம். நான்கும் ஒரே பிழை. முதற்பக்கத்தின் எழுத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்கும் பிழை.

'ரோஜாவின் பெயர்' குறையற்ற நாவல் என்று நான் சாதிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நீளம் என்று சொல்லுங்கள். பெண்ணுக்குப் பெயரில்லை, முஸ்லிமுக்கு உடலில்லை என்று சண்டை பிடியுங்கள். நானும் உங்களோடு நின்று சண்டை பிடிப்பேன். கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு வந்து பிடியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உம்மா காப்பாற்றிய அந்த ஒற்றைக் கிதாபைக் கொண்டுவருகிறேன். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் கட்டாயம் வாருங்கள். நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறேன். பின்வரிசைச் சகோதரி முன்வரிசையில் வந்து இருக்கட்டும். பாங்குக்கு இன்னும் நேரமிருக்கும்போதே அவரைப் பேசவிடுவோம்.